அண்ணன் கையில் பந்து இல்லாதபோது

கேள்வி: எங்கள் ஊர்க் கூடைப்பந்துக் கழக அணிக்கு மூன்று ஆண்டுகளாக நான் பயிற்சியாளர். எனக்கு 33 வயது. எங்கள் சென்டர் ஆட்டக்காரருக்கு (கூடைக்கு அருகில் நின்று ஆடுபவர்) 38. எனக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அணியில் எல்லோருக்கும் அவர் அண்ணன். பதினைந்து ஆண்டுகளாக அணி அவரை நம்பியே ஆடுகிறது. இப்போது முழங்கால் வலியோடு அவர் திரும்பி ஓடி வருவதற்குள் எதிரணி ஓடிவந்து கூடைக்குப் பக்கத்திலேயே லே-அப் போட்டுவிடுகிறது. ஆனாலும் 40 நிமிடத்தில் 35 நிமிடம் அவரே களத்தில் இருக்கிறார். சென்ற கோடையில் ஓர் அரையிறுதியில் கடைசி நான்கு நிமிடங்களில் ஒவ்வொரு முறையும் பந்தை அவரிடமே கொடுத்தோம். இரண்டு பேர் சேர்ந்து அவரை மறித்தார்கள். 9 புள்ளி முன்னிலையை இழந்து தோற்றோம். பையன்கள் என்னிடம் முணுமுணுக்கிறார்கள். அவரிடம் யாரும் வாய் திறப்பதில்லை. ஜெர்சிக்கும் பயணச் செலவுக்கும் ஊரில் பணம் திரட்டித் தருபவரும் அவர்தான். அவரிடம் எப்படிச் சொல்வது? ஓய்வு பெறச் சொல்லலாமா? (பெயரும் ஊரும் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

அன்புள்ள பயிற்சியாளருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேள்வி முழுவதும் அண்ணனைப் பற்றியது என்றாலும் என் கண் நின்ற இடம் வேறு. "ஒவ்வொரு முறையும் பந்தை அவரிடமே கொடுத்தோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பிடுங்கிக்கொள்ளவில்லை, மற்றவர்கள் கொடுத்திருக்கிறார்கள். நெருக்கடி வந்தால் தலையைத் திருப்பி அண்ணன் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பதற்கே மற்ற நால்வரும் பழகியிருக்கிறார்கள். நாளைக்கே அவரை பெஞ்சில் உட்கார வைத்தாலும் அந்த நால்வரும் பெஞ்சைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே, அவரிடம் என்ன சொல்வது என்பதற்கு முன்னால் அந்த நால்வரை என்ன செய்வது என்பதைப் பேசிவிடுவோம். அதைச் செய்யாமல் நீங்கள் அவரிடம் போனால், "சரி தம்பி, நான் இல்லாவிட்டால் யார் ஆடுவது?" என்று அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். உங்களிடம் பதில் இருக்காது.

நான் அறிந்தவரை இந்தச் சிக்கலை மிகப் பொறுமையாகத் தீர்த்த அணி, அமெரிக்காவின் என்பிஏ தொடரில் ஆடும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். டிம் டங்கன் 1997-இல் அந்த அணிக்கு வந்தார். 1999, 2003, 2005, 2007 ஆகிய ஆண்டுகளில் அது பட்டம் வென்றது. அந்தக் காலத்தில் அவர்களுடைய ஆட்டத்தின் அடிப்படை எளியது. இடப்பக்க லோ போஸ்டில், அதாவது கூடைக்குப் பக்கத்தில், டங்கன் கூடைக்கு முதுகு காட்டி நிற்பார், பந்து அவரிடம் போகும், மற்ற நால்வரும் தள்ளித் தள்ளி நின்று அவருக்கு இடம் கொடுப்பார்கள். அவரை மறிக்க இரண்டாவது ஆள் வந்தால் வெளியே பாஸ் வரும். வராவிட்டால் பலகையில் பட்டு வலைக்குள் விழும் அவருக்கே உரிய ஷாட் வரும். உங்கள் அணி ஆடுவதும் ஏறக்குறைய இதையேதான் என்று கடிதத்திலிருந்து புரிகிறது. அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆளின் கால் நன்றாக இருக்கும்வரை இதைவிடச் சிக்கனமான ஆட்டம் கிடையாது.

2010-11 பருவத்தில் டங்கனின் சராசரி, ஆட்டத்துக்கு 13.4 புள்ளி என்று இறங்கியது. அதுவரை அவருக்கு அவ்வளவு தாழ்ந்ததே இல்லை. ஆனால் அணி 61 ஆட்டங்களில் வென்று மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. பிறகு பட்டத்துக்கான பிளே-ஆஃப் முதல் சுற்றிலேயே எட்டாம் இடத்தில் இருந்த மெம்ஃபிஸிடம் 4-2 என்று தோற்று வெளியேறியது. டங்கன் காலம் முடிந்தது என்று பலரும் எழுதித் தீர்த்த நேரம் அது. பயிற்சியாளர் கிரெக் பாப்பவிச் டங்கனை விலக்கவும் இல்லை; பழைய ஆட்டத்தையே இன்னும் முறுக்கிப் பார்க்கவும் இல்லை. தமக்கு மிகவும் பிடித்த ஜார்ஜ் ஹில் என்ற, பந்தைக் கொண்டுவரும் கார்டு ஆட்டக்காரரை இண்டியானாவுக்குக் கொடுத்து, இன்னும் 20 வயது நிரம்பாத காவை லெனர்டை 2011 ஜூனில் வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பையன் என்ன ஆகப்போகிறான் என்று அன்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

பெரிய மாற்றம் ஆள் மாற்றத்தைவிடப் பந்து ஓடும் பாதையில் நடந்தது. முன்பு பந்து டங்கனிடம் போய் நிற்கும். இப்போது அவரைத் தொட்டுவிட்டுப் போயிற்று. அணியின் கார்டு டோனி பார்க்கர் பந்தோடு வர, டங்கன் மேலே ஏறி வந்து, பார்க்கரைக் காப்பவரின் வழியை மறித்து நின்று ஸ்கிரீன் போடுவார், பிறகு கூடையை நோக்கி உருளுவார். அங்கே வழி அடைபட்டிருந்தால் பந்து மூலையில் நிற்பவருக்கு, அங்கிருந்து மறுபக்கத்துக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். பாப்பவிச் இதற்கு அரை விநாடி விதி ஒன்று வைத்திருந்தார். பந்து கைக்கு வந்த அரை விநாடிக்குள் பாஸா, டிரிபிளா, ஷாட்டா என்று முடிவெடுத்துவிட வேண்டும். பந்தைப் பிடித்துக்கொண்டு நின்று யோசிப்பது கூடாது. சாதாரணமாகத் தெரிந்தாலும் இந்த விதி செய்யும் வேலை பெரிது. முடிவெடுக்கும் பொறுப்பு ஒருவரிடமிருந்து ஐவருக்கும் பிரிகிறது. யாருடைய கௌரவத்தையும் தொடாமல் பிரிகிறது.

விளைவைப் பாருங்கள். 2012-13 பருவத்தில், 37 வயதைத் தொட்ட டங்கன், ஆட்டத்துக்கு 30 நிமிடமே ஆடி 17.8 புள்ளியும் 9.9 ரீபவுண்டும் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது) எடுத்து, அந்த ஆண்டின் என்பிஏ சிறந்த ஐவரில் ஒருவரானார். சுமை குறைந்ததும் ஆள் மேலே வந்துவிட்டார். அடுத்த பருவத்தில் அந்த அணியில் ஒருவர்கூடச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. 62 வெற்றி, இறுதிப் போட்டியில் மயாமியை 4-1 என்று வென்று ஐந்தாவது பட்டம். இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது, 22 வயதான லெனர்டுக்குப் போயிற்று.

உங்கள் களத்தில் இதை எப்படிச் செய்வது? அரை விநாடி என்பது ஊர் அணிக்குக் கடுமை. ஒன்று என்று எண்ணி முடிப்பதற்குள் பந்து கையை விட்டோ தரையிலோ போய்விட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், தவறினால் பந்து எதிர்ப்பக்கத்துக்கு. பயிற்சி ஆட்டங்களில் அண்ணனை இரண்டாம் அணியில் போடுங்கள். முதல் அணிப் பையன்களால் அவருக்குப் பாஸ் கொடுக்கவே முடியாது. அவரைத் தாண்டித்தான் ஷாட் எடுக்க வேண்டியிருக்கும். அவருக்கும் இது பிடிக்கும், ஏனென்றால் பையன்களை அடக்கிக் காட்டுவதில் மூத்தவர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. வாரம் இரண்டு நாள் அந்த அரையிறுதியின் முடிவையே மறுபடி ஆடுங்கள்: 9 புள்ளி முன்னிலை, நான்கு நிமிடம், 24 விநாடிக்குள் ஷாட் எடுக்க வைக்கும் கடிகாரம், போஸ்டில் நிற்பவருக்கு இரட்டைக் காவல். எதிரணியின் நேரத்தையும் கழித்தால் நான்கு நிமிடத்தில் உங்கள் கைக்குப் பந்து ஏழெட்டு முறைதான் வரும். அந்த ஏழெட்டில் யார் பந்தைக் கொண்டு வருவது, யார் மூலைக்கு ஓடுவது, இரட்டைக் காவல் வந்ததும் காலியாகும் ஆள் யார் என்பது பையன்களின் உடம்புக்குத் தெரிந்துவிட வேண்டும். இரண்டு மாதம் பிடிக்கும். முதல் மூன்று வாரம் பார்க்கச் சகிக்காது.

இனி அண்ணனின் வேலை. ஆட்ட நிமிடத்தைக் குறைப்பதை மட்டும் செய்தால் அவருக்கு அது தண்டனையாகவே தெரியும். எனவே பழைய வேலையை எடுக்கும்போதே புதிய வேலையைக் கையில் கொடுக்க வேண்டும். அவரை லோ போஸ்டிலிருந்து ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் தனி ஷாட்) கோட்டின் முனைக்கு, ஹை போஸ்டுக்குக் கொண்டு வாருங்கள். அங்கே நின்றால் ஆள் மேல் ஆள் மோதுவது குறையும், களம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும், கூடைக்கு வெட்டி ஓடும் பையனுக்குப் பாஸ் கொடுக்கலாம், ஓடி வரும் கார்டுக்கு ஸ்கிரீன் வைக்கலாம். பதினைந்து ஆண்டு ஆடியவருக்கு எந்தப் பையன் எந்த நொடியில் காலியாவான் என்பது முன்கூட்டியே தெரியும். அந்த அறிவு முழங்காலில் இல்லை. எதிரணி ரீபவுண்ட் எடுத்ததும் அவர்தான் முதலில் திரும்பி ஓட வேண்டும் என்று விதி வையுங்கள். ஹை போஸ்டில் நிற்பவருக்குத் திரும்பும் தூரமும் கொஞ்சம் குறைவு. நீங்கள் சொன்ன லே-அப் தொல்லையில் பாதி இதிலேயே போய்விடும்.

தடுப்பாட்டத்தில் உங்களுக்கு டங்கனுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. என்பிஏவில் யாரையும் நெருங்கிக் காவல் காக்காமல் கூடைக்கு முன்னால் உள்ள வண்ணப் பகுதிக்குள் மூன்று விநாடிக்கு மேல் தடுப்பாளர் நிற்க முடியாது. நாம் ஆடும் ஃபிபா (உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிகளில் தடுப்பாளருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. 2-3 மண்டலத் தடுப்பில் (முன்னால் இருவர், பின்னால் மூவர் என்று நின்று ஆளைவிட இடத்தைக் காக்கும் முறை) அவரை நடுவில், கூடைக்கு அடியில் நிறுத்திவிடலாம். ஆளுக்கு ஆள் ஆடும்போதும், எதிரணி ஸ்கிரீன் போட்டால் அவர் வெளியே துரத்திக்கொண்டு வராமல் பின்வாங்கிக் கூடையைக் காக்கட்டும். டங்கனும் கடைசி ஆண்டுகளில் பெரும்பாலும் அப்படித்தான் ஆடினார். முன்னால் நடப்பதைக் குரல் கொடுத்துச் சொல்வது அவருடைய பொறுப்பாக இருக்கட்டும். ஊர் அணிகள் பலவற்றில் தடுப்பாட்டம் ஊமைப்படமாகவே நடக்கிறது. பேசும் ஒரு மூத்தவர் அங்கே பெரிய சொத்து.

நிமிடக் கணக்குக்கு வருவோம். டங்கனின் 2013-14 சராசரி 29 நிமிடம்; அங்கே ஆட்டம் 48 நிமிடம். நம் 40 நிமிட ஆட்டத்துக்கு மாற்றினால் ஏறத்தாழ 24 வருகிறது. உங்கள் அண்ணன் சிமென்ட் தரையில், வாரத்துக்கு ஐந்து நாள் வேலைக்குப் போய்க்கொண்டு ஆடுகிறவராக இருந்தால் 20 போதும். தொடர் போட்டிகளில் அடுத்தடுத்த நாள் ஆட்டம் வந்தால் லீக் ஆட்டம் ஒன்றை முழுவதுமாக விட்டுவிடட்டும். 2012 நவம்பரில் பாப்பவிச், மயாமியுடனான பெரிய ஆட்டத்துக்கு முன்பே டங்கனையும் மேலும் மூவரையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, அதற்காக அணிக்கு 2,50,000 டாலர் அபராதம் வாங்கித் தந்தார். நுழைவுச்சீட்டு வாங்கிய ரசிகர்களின் கோபத்திலும் நியாயம் உண்டு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் உங்கள் ஊரில் அபராதம் போட யாரும் இல்லை. முழங்காலை எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள்.

ஆட்டத்தை அவரே தொடங்கட்டும். டங்கன் கடைசி வரை தொடக்க ஐவரில் இருந்தார். அதே அணியின் மனு ஜினோபிலி, உலகத் தரமான ஆட்டக்காரராக இருந்தும், பல ஆண்டு பெஞ்சிலிருந்து வந்து ஆட ஒப்புக்கொண்டு, 2008-இல் சிறந்த ஆறாம் ஆட்டக்காரர் விருதும் பெற்றார். இரண்டு வழியும் உண்டு. ஆனால் ஊர்த் திடலில், ஒலிபெருக்கியில் ஐந்து பெயர்களை வாசிக்கும்போது அண்ணன் பெயர் இல்லாமல் போனால் அவர் பிள்ளைகளும் அதைக் கேட்பார்கள். முதல் ஐந்து நிமிடம் கொடுப்பதால் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை.

கடினமானது ஆட்டத்தின் முடிவு. மயாமிக்கு எதிரான 2013 இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் டங்கன் 30 புள்ளியும் 17 ரீபவுண்டும் எடுத்திருந்தார். மூன்று புள்ளி முன்னிலை, சில விநாடிகளே மீதம், வென்றால் பட்டம். எதிரணியின் மூன்று புள்ளி ஷாட்டைத் தடுக்க வேகமான ஆட்கள் வேண்டும் என்று பாப்பவிச் டங்கனை வெளியே எடுத்தார். ஷாட் தவறியது, ஆனால் டங்கன் இல்லாத இடத்தில் கிறிஸ் போஷ் ரீபவுண்டை எடுத்து வெளியே கொடுக்க, 5.2 விநாடி மீதமிருக்கையில் ரே ஆலன் மூலையிலிருந்து சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஸ்பர்ஸ் தோற்றது, ஏழாவது ஆட்டத்தையும் தோற்றது. அந்த முடிவு தவறென்று நான் சொல்ல மாட்டேன், ஷாட் தவறத்தானே செய்தது. ஆனால் மூத்தவரை வெளியே எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு நாள் இப்படி விலை கேட்கப்படும், கேட்கும்போது ஊரே உங்களைப் பார்க்கும். அதற்காக நீங்கள் மறுநாள் பழைய ஆட்டத்துக்குத் திரும்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாப்பவிச் திரும்பவில்லை.

கடைசி நிமிடங்களில் அவரை எப்போதும் வெளியே வைக்க வேண்டும் என்றும் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸில் 1986-87 பருவத்துக்கு முன், 39 வயதான கரீம் அப்துல்-ஜப்பாரிடமிருந்து தாக்குதல் பொறுப்பை மேஜிக் ஜான்சனுக்குப் பயிற்சியாளர் பேட் ரைலி மாற்றினார். கரீமின் சராசரி 23.4-இலிருந்து 17.5 ஆயிற்று, அணி பட்டம் வென்றது. அடுத்த ஆண்டு கரீமின் சராசரி 14.6-க்கு இறங்கியது. ஆனாலும் அந்த ஆண்டின் இறுதிப் போட்டியில், தோற்றால் எல்லாம் முடிந்தது என்ற ஆறாவது ஆட்டத்தில், 14 விநாடி மீதமிருக்கும்போது இரண்டு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டு ஒரு புள்ளியில் ஜெயிக்க வைத்தவர் 41 வயது கரீம்தான். உங்கள் அண்ணனின் ஃப்ரீ த்ரோ நன்றாக இருந்தால் நம் அணி தாக்கும்போது அவரை உள்ளே விட்டு, தடுக்கும்போது வெளியே எடுங்கள். ஆள் மாற்றும் வாய்ப்பு வரும்போதெல்லாம் பயன்படுத்துங்கள்.

எதிர் உதாரணமும் தெரிந்திருக்க வேண்டும். லேக்கர்ஸ் நட்சத்திரம் கோபி பிரையன்ட்டுக்கு 2013 ஏப்ரலில் குதிகால் நாண் அறுந்தது. பிறகு முழங்கால், தோள் என்று அடி மேல் அடி. 2015-16, அவருடைய விடைபெறும் பருவமாக அறிவிக்கப்பட்டது. அவர் ஆட்டத்துக்கு 17 முறை ஷாட் எடுத்து 35.8 விழுக்காடு மட்டுமே போட்டார். லேக்கர்ஸ் 17 வெற்றி, 65 தோல்வியோடு அணியின் வரலாற்றிலேயே மோசமான பருவத்தை முடித்தது. கடைசி ஆட்டத்தில் 50 ஷாட் எடுத்து அவர் 60 புள்ளி குவித்ததைப் பார்த்து நானும் கைதட்டினேன். ரசிகர்களுக்கு அது திருவிழா. அந்த அணியின் இளைஞர்களுக்கு ஓராண்டு வேடிக்கை பார்த்த கணக்கு. விழாவையும் அணி கட்டுவதையும் ஒரே பருவத்தில் வைக்க முடியாது. உங்கள் ஊர் அவருக்கு ஒரு விழா எடுக்க விரும்பினால் அதற்கென ஒரு காட்சி ஆட்டம் வையுங்கள்.

இப்போது பேச்சு. தோல்விக்குப் பிறகு பேசாதீர்கள். நான் ஒரு முறை அந்தப் பிழையைச் செய்தேன். என் அணியின் மூத்தவர் ஒருவரிடம், தோற்று இரண்டு நாள் கழித்துப் பேசினேன், அவர் அதைப் பழி சுமத்துவதாக எடுத்துக்கொண்டு ஜெர்சியை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார், அந்த அணி அந்த ஆண்டு எழவே இல்லை. பருவம் தொடங்கும் முன், பையன்களுடன் மூன்று வாரப் பயிற்சி முடிந்த பிறகு, அவருடைய வீட்டுக்குத் தனியாகப் போங்கள். "அண்ணே, உங்களுக்கு வயதாகிவிட்டது" என்று தொடங்க வேண்டாம். அது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். "அண்ணே, அந்த அரையிறுதியில் உங்களுக்கு இரண்டு பேரைப் போட்டார்கள், நாங்கள் எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த ஆண்டு அந்த இரண்டு பேரையும் தண்டிக்கிற மாதிரி ஆட்டத்தை மாற்றியிருக்கிறேன், அதில் உங்கள் இடம் இது" என்று சொல்லி, காகிதத்தில் ஹை போஸ்டை வரைந்து காட்டுங்கள். நிமிடக் கணக்கையும் அப்போதே, எண்ணாகவே சொல்லிவிடுங்கள். குறைப்பேன் என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றினால், ஒவ்வொரு முறை ஆள் மாற்றும்போதும் அது ஒரு புதிய அவமதிப்பாகிவிடும்.

பணம் திரட்டும் விஷயத்தை இதோடு கலக்கவே கலக்காதீர்கள். அதைச் சொல்லி அவரைத் தாங்கிப் பேசினால், பணத்துக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றிவிடும். நிதிப் பொறுப்பை இன்னும் இருவரோடு பகிர்ந்துகொள்ளும்படி வேறொரு நாள், கழகக் கூட்டத்தில் முடிவெடுங்கள்.

பையன்களின் முணுமுணுப்பையும் நிறுத்த வேண்டும், அது உங்கள் கடமை. அவரைப் பற்றி உங்களிடம் சொல்லும் எதையும் அவர் முன்னால் சொல்லத் துணிவில்லாதவனுக்கு அவருடைய நிமிடங்களைக் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அடுத்த சென்டராக நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் பையன் யாரோ அவனை ஆட்டத்தின்போது பெஞ்சில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். டங்கன் வந்தபோது ஸ்பர்ஸில் நட்சத்திரமாக இருந்தவர் டேவிட் ராபின்சன், 1995-இன் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர். தம் இடத்தை இளையவருக்கு விட்டுக்கொடுத்து அவருக்குப் பக்கத்திலேயே ஆறு பருவம் ஆடினார். கடைசிப் பருவத்தில் அவருடைய சராசரி 8.5 புள்ளிதான். அந்த 2003 பட்டத்தை வென்ற ஆட்டத்தில் அவர் 13 புள்ளியும் 17 ரீபவுண்டும் எடுத்துவிட்டு விடைபெற்றார். பின்னாளில் டங்கன் செய்ததை அவருக்கு முன்பே ஒருவர் செய்து காட்டியிருந்தார். இதை அண்ணனிடமும் சொல்லலாம், அந்தப் பையனிடமும் சொல்லலாம்.

ஓய்வு பெறச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அது அவர் வாயிலிருந்து வர வேண்டிய சொல். டங்கனின் கடைசிப் பருவத்தில் அவருடைய சராசரி 8.6 புள்ளி, 25 நிமிடம். அணி 67 ஆட்டங்களில் வென்றது. விடைபெறும் பயணம் எதுவும் இல்லாமல், 2016 ஜூலையில் அணி வெளியிட்ட ஓர் அறிக்கையோடு அவர் நிறுத்திக்கொண்டார். மூன்று ஆண்டு கழித்து அதே அணிக்கு உதவிப் பயிற்சியாளராக வந்தார், பாப்பவிச் வர முடியாத ஒரு நாளில் அவரே நின்று ஆட்டத்தை நடத்தி ஒரு புள்ளியில் வென்றும் கொடுத்தார். உங்கள் பயிற்சியில் சென்டர் பையன்களுக்கான அரைமணி நேரத்தை இந்த மாதமே அண்ணன் பொறுப்பில் விடுங்கள்.